ஜன்னலில் தெரியும் வட்டம், விளக்கைச் சுற்றும் வட்டம்

போன ஐப்பசியில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மகனோடு கண் காட்ட வந்தார். "ராத்திரியில தெரு லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வட்டம் கட்டுது டாக்டர். விடிஞ்சா சரியாப் போயிருது" என்றார். மகன் போனை நீட்டினார். சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வரும்போது எடுத்த படம். வெள்ளை மேகத்தின் மேல் விமானத்தின் நிழல், அதைச் சுற்றி வண்ண வளையம். "அம்மா பாக்குறதும் இதுதானே டாக்டர்?"

இல்லை. படத்தில் இருந்தது வானவில்லும் இல்லை.

மழைத்துளிக்குள் நுழைந்த வெயில் உள்ளே பட்டுத் திரும்பி, நிறம் நிறமாகப் பிரிந்து வெளியே வருவதுதான் வானவில். சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து சுமார் 42 பாகை தள்ளித் தெரியும். தரையில் நிற்கும் நமக்குக் கீழ்ப்பகுதியைப் பூமி மறைத்துவிடுவதால் அது வில். மேலே ஏறிவிட்டால் முழு வட்டமாகவே பார்க்கலாம். ஆனால் மிகப் பெரிய வட்டம். கையை நீட்டிச் சாண் விரித்தால் ஏறக்குறைய 20 பாகை. அந்தக் கணக்கில் நான்கு சாண் அகலம். விமான ஜன்னலில் முழுதாகச் சிக்குவது அபூர்வம்.

ஒரு சாணுக்குள் அடங்கும் அந்தச் சின்ன வளையத்துக்குப் பெயர் 'குளோரி'. மழைத்துளியைவிட மிக நுண்ணிய மேகத்துளிகள், ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்போது உண்டாவது. அதன் நடுப்புள்ளி எப்போதும் பார்ப்பவரின் நிழல் விழும் இடம்தான். மேகம் கிட்டத்தில் இருந்தால், படம் எடுத்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்றே சொல்லிவிடலாம். அந்தப் படத்தில் வளையத்தின் நடு, நிழலின் வால் பக்கம் இருந்தது. "கடைசி வரிசையா தம்பி?" என்றேன். அசந்துபோனார்.

அம்மா பார்த்த வட்டமோ கண்ணுக்குள்ளேயே உண்டாவது. சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் மூலை பிறவியிலேயே குறுகலாக இருக்கும். இருட்டில் கண்பாப்பா விரியும்போது அது அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும், கருவிழியில் நீர் கோக்கும். அந்த நீர்தான் விளக்கொளியை வண்ணமாகச் சிதறடிக்கிறது. தூங்கும்போது பாப்பா சுருங்கி, வழி திறந்துகொள்ளும்.

அன்று பகலில் அழுத்தம் சரியாகவே இருந்தது. இயல்பு 10 முதல் 21 வரை, அவருக்கு 18. அதோடு விட்டிருந்தால் தப்பாகியிருக்கும். தனி லென்ஸ் வைத்துப் பார்த்ததில் இரண்டு கண்ணிலும் அந்த மூலை குறுகிக் கிடந்தது. லேசரால் கருவிழிக்குப் பின்னுள்ள திரையில் ஊசிமுனை அளவு துளையிட்டோம். புரையிருந்தாலும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம். எது என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். வட்டத்தோடு கண்வலி, தலைவலி, வாந்தியும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிளாக்கோமா என்னும் இந்தக் கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்ப வராது.

அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா, "லைட்டு இப்ப வெறும் லைட்டாத் தெரியுது" என்றார். மகன் தன் கூட விமானத்தில் அழைத்துப்போகப் போவதாகச் சொன்னார். காலையில் சென்னையிலிருந்து மதுரை வருவதானால் வலப்பக்க ஜன்னல், சாயங்காலமானால் இடப்பக்கம் என்று சொல்லி அனுப்பினேன். நிழல் அந்தப் பக்கம்தான் விழும்.