வெப்சைட் சர்வரை மாற்றும்போது மெயில் நின்றுபோவது ஏன்?

புதிய வெப்சைட் வெள்ளிக்கிழமை மாலை நேரலைக்கு வருகிறது. எல்லோர் போனிலும் சரியாகத் திறக்கிறது. திங்கட்கிழமை காலை அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து கேள்வி வருகிறது: "ரெண்டு நாளா ஒரு மெயில்கூட வரலையே?" சிறு நிறுவனங்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. வெப் சர்வரிலும் கோளாறு இருக்காது, மெயில் சேவையிலும் இருக்காது. உதாரணம்.காம் போன்ற டொமைன் பெயருக்கு உரிய சர்வர் எதுவென்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் தொடத் தேவையில்லாத இடத்தைத் தொட்டிருப்பார்கள்.

ஒரு டொமைனுக்குப் பின்னால் தனித்தனியாக மூன்று சேவைகள் உண்டு. பெயரைப் பதிவு செய்து தருபவர் ரெஜிஸ்ட்ரார். அந்தப் பெயருக்கான ரெக்கார்டுகளை, அதாவது எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது நேம்சர்வர். பக்கங்களைக் கொடுப்பது வெப் சர்வர். மூன்றையும் ஒரே கம்பெனி ஒரே பில்லில் விற்பதால் ஒன்றுபோலவே தெரிகிறது. ஒருவர் பிரவுசரில் உங்கள் முகவரியைத் தட்டினால், அவருடைய இணைப்பின் ரிசால்வர் (முகவரியைத் தேடித் தரும் சர்வர்) எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் சர்வரைக் கேட்டு, .காம் சர்வரைக் கேட்டு, அது காட்டும் நேம்சர்வரிடம் போய் வெப் சர்வரின் எண் முகவரியான ஐபியை வாங்குகிறது. வெப் சர்வரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

புதிய ஹோஸ்டிங் வாங்கியதும் வரும் முதல் மெயிலிலேயே, நேம்சர்வரை மாற்றச் சொல்லி இரண்டு பெயர்கள் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே செய்தால் பழைய நேம்சர்வரில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்வது), டிஎக்ஸ்டி (சரிபார்ப்புக்கான எழுத்துக் குறிப்புகள்), சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் சேர்க்கும் துணைப்பெயர்) ரெக்கார்டுகள் எல்லாமே செல்லாமல் போகும். புதிய ஹோஸ்டிங் தானாக உருவாக்கிய ரெக்கார்டுகளில் எம்எக்ஸ் பெரும்பாலும் தன் சர்வரையே காட்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ மைக்ரோசாஃப்ட் 365க்கோ போகவேண்டிய மெயில், அந்தப் பெயரில் பெட்டியே இல்லாத சர்வருக்குப் போய் அனுப்பியவருக்கே திரும்பும். அங்கே எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கேட்ச்-ஆல் பெட்டி வைத்திருந்தால் திரும்பவும் செய்யாது. யாரும் திறக்காத பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மாறுவது வெப் சர்வர் மட்டும் என்றால் நேம்சர்வரைத் தொடாதீர்கள். இப்போதைய நேம்சர்வரிலேயே, வெப் சர்வரின் ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டை 203.0.113.10 போன்ற புதிய ஐபிக்கு மாற்றினால் போதும். கூடவே இரண்டு விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, எம்எக்ஸ் எந்தப் பெயரைக் காட்டுகிறது என்பது. சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் உள்ள ஹோஸ்டிங்கில் எம்எக்ஸ் பல நேரம் டொமைனின் சொந்தப் பெயரையே, அதாவது உதாரணம்.காம் என்பதையே காட்டும். அப்படி இருக்கும்போது ஏ ரெக்கார்டை மாற்றினால் மெயிலும் சேர்ந்து புதிய சர்வருக்குப் போய்விடும். மெயில் பழைய சர்வரிலேயே இருக்கவேண்டுமானால், மெயில்.உதாரணம்.காம் என்று பழைய ஐபிக்குத் தனியாக ஒரு ஏ ரெக்கார்டு போட்டு, எம்எக்ஸை அதற்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு வெப்சைட்டின் ஏ ரெக்கார்டில் கை வையுங்கள்.

இரண்டாவது, ஐபியின் புதிய வடிவமான ஐபிவி6க்கான நான்கு ஏ (AAAA) ரெக்கார்டு. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. ஏ ரெக்கார்டு மட்டும் மாறி நான்கு ஏ பழைய சர்வரையே காட்டினால், ஐபிவி4 மட்டுமே உள்ள ஆபீஸ் பிராட்பேண்டில் புதிய வெப்சைட் தெரியும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்கில் போன் ஐபிவி6 வழியே போவதால் பழையதே தெரியும். "எனக்குச் சரியா வருதே" என்று டெவலப்பர் சொல்வார், "எனக்கு வரலை" என்று வாடிக்கையாளர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை. தளத்தைப் பாதுகாப்பான இணைப்பில் திறக்கவைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழும் இதனால் தடைபடும். நான்கு ஏ ரெக்கார்டு இருந்தால், சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 முகவரியைத்தான் முதலில் தட்டும். பழைய சர்வர் தவறான பதில் சொன்னால் சரிபார்ப்பு தோற்கும். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் தற்காலிகமாகத் தடுத்தும்விடும். புதிய சர்வரில் ஐபிவி6 இல்லையென்றால் அந்த ரெக்கார்டை நீக்கிவிடுவதே சரி.

அடுத்தது டிடிஎல். ஒரு பதிலை ரிசால்வர் எத்தனை வினாடி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் எண் இது. சிபேனலில் வழக்கமாக 14400 இருக்கும், அதாவது 4 மணி நேரம். மாற்றத்துக்கு முந்தின நாளே 300 ஆகக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்தில் குறைத்துப் பயனில்லை, ஏனென்றால் பழைய 14400ஐ ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ரிசால்வர்களுக்கு அது தெரியாது. எல்லாம் சரியென்று உறுதியான பிறகு 3600க்கு உயர்த்தலாம்.

டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். எதுவும் எங்கும் பரவுவதில்லை. பழைய பதில்கள் காலாவதியாகின்றன, அவ்வளவுதான். 48 மணி நேரக் கணக்கு பொருந்துவது நேம்சர்வர் மாற்றத்துக்கு: .காம் சர்வர்கள் தரும் நேம்சர்வர் விவரத்தின் டிடிஎல் 172800 வினாடி. டிடிஎல் 300 உள்ள ஏ ரெக்கார்டை மாற்றி அரை நாள் ஆகியும் பழைய பக்கமே வந்தால், காத்திருக்காமல் தவறைத் தேடுங்கள்.

தேடும் வழி சுலபமானது. டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக் (dig) கட்டளையில் @ குறியிட்டு, முதலில் உங்கள் நேம்சர்வரையே நேரடியாகக் கேளுங்கள். பிறகு எல்லோருக்கும் திறந்திருக்கும் பொது ரிசால்வர்களான 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கேளுங்கள். நேம்சர்வர் புதிய ஐபியையும் மற்றவை பழையதையும் சொன்னால் டிடிஎல் கழியும்வரை பொறுக்கலாம். நேம்சர்வரே பழையதைச் சொன்னால், நீங்கள் திருத்தியது வேறு இடத்தில். ரெஜிஸ்ட்ராரின் பேனலில் ரெக்கார்டை மாற்றியிருப்பீர்கள். நேம்சர்வரோ ஹோஸ்டிங் கம்பெனியுடையதாக இருக்கும். அந்தப் பேனல் எச்சரிக்காமல் சேமித்துக்கொள்ளும், ஆனால் அதை யாரும் கேட்கப்போவதில்லை.

மாற்றுவதற்கு முன்பே புதிய சர்வரைச் சோதிக்க, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி பார்க்கும் பட்டியல்) புதிய ஐபியையும் டொமைனையும் ஒரே வரியில் எழுதினால் உங்களுக்கு மட்டும் புதிய தளம் திறக்கும். சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் உலகமே பழைய தளத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு மட்டும் புதியது தெரிந்துகொண்டிருக்கும். புதிய சப்டொமைன் என்றால் ரெக்கார்டைப் போட்ட பிறகே பிரவுசரில் திறந்து பாருங்கள். முன்பே திறந்தால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலையும் ரிசால்வர் சேமித்துக்கொள்ளும்.

நேம்சர்வரை மாற்றியே ஆகவேண்டிய சூழலும் உண்டு. பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவைக்குப் போவது ஓர் உதாரணம். அப்போது பழைய ரெக்கார்டுகள் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து புதிய இடத்தில் ஏற்றி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டுத்தான் மாற்றவேண்டும். தானாக ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்ளும் வசதியை மட்டும் நம்பவேண்டாம். வழக்கமான பெயர்களை அது கண்டுபிடிக்கும். நீங்கள் அனுப்பும் மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் ரெக்கார்டின் செலக்டர் பெயர் வெளியிலிருந்து தெரியாததால் விட்டுப்போகும். விட்டுப்போனால் மெயில் நிற்காது, ஆனால் நீங்கள் அனுப்புவது ஸ்பேமுக்குப் போகத் தொடங்கும். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். புதிய சேவைக்காக இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இணைத்து எழுதுங்கள். கிளவுட்ஃபிளேரில் மெயில் சர்வரின் ஏ ரெக்கார்டுக்கு, நடுவில் நின்று கடத்தும் ப்ராக்ஸியை அணைத்து வைக்கவேண்டும்; ஆரஞ்சு மேகம் சாம்பல் நிறமாக இருக்கவேண்டும்.

டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ரெஜிஸ்ட்ராரிடம், அந்தக் கையொப்பச் சாவியை அடையாளம் காட்டும் டிஎஸ் ரெக்கார்டை அப்படியே விட்டுவிட்டு நேம்சர்வரை மாற்றினால், கையொப்பம் பொருந்தாமல் 8.8.8.8 போன்ற சரிபார்க்கும் ரிசால்வர்கள் உங்கள் டொமைனுக்குப் பதிலே தராது. வெப்சைட், மெயில் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். டிஎஸ்ஸை முதலில் நீக்கி, .காம் என்றால் அதன் டிடிஎல் ஆன ஒரு நாள் முழுதும் கழிந்த பிறகு நேம்சர்வரை மாற்றி, புதிய இடத்தில் மறுபடி இயக்குங்கள்.

ரெஜிஸ்ட்ரார் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். வெப்சைட் செய்தவர் தன் கணக்கிலேயே டொமைனை வாங்கியிருந்தால், அவர் போனை எடுக்காத நாளில் உங்களால் எதையுமே மாற்ற முடியாது. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அதற்கான மெயில் ஐடி அதே டொமைனில் வேண்டாம், ஏனென்றால் டிஎன்எஸ் விழுந்தால் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் வராது. காலாவதியான .காம் டொமைனை அதிகபட்சம் 45 நாள்வரை ரெஜிஸ்ட்ரார் தன் விருப்பப்படி வைத்திருக்கலாம். அவர் நீக்கியபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குக் கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாளில் பெயர் யாருக்கும் கிடைக்கும் பொதுப் பொருளாகிவிடும்.

மாற்றம் முடிந்ததும் பழைய சர்வரை உடனே நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் ஓடட்டும், அதன் வருகைப் பதிவான ஆக்சஸ் லாகில் நிஜமான பார்வையாளர்கள் இல்லையென்று பார்த்துவிட்டு விடுங்கள். விடும்போது அந்த ஐபியைக் காட்டும் சப்டொமைன் ரெக்கார்டுகள், டெஸ்ட், டெமோ, ஓல்டு என்று எப்போதோ போட்டவை, எல்லாவற்றையும் முதலில் நீக்குங்கள். கிளவுடில் நீங்கள் விட்ட ஐபி இன்னொரு வாடிக்கையாளருக்குப் போகும். உங்கள் ரெக்கார்டு அங்கேயே காட்டிக்கொண்டிருந்தால், அவர் உங்கள் சப்டொமைனுக்கு முறையான எஸ்எஸ்எல் சான்றிதழே எடுத்து, உங்கள் பெயரில் ஒரு லாகின் பக்கம் நடத்தலாம். ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் சிநேம் ரெக்கார்டு மூலம் வெளிச் சேவைகளுக்குக் கட்டியிருப்பவற்றுக்கும் இதே வரிசைதான்: ரெக்கார்டை நீக்கி, டிடிஎல் கழிந்த பிறகே அந்தச் சேவையை ரத்து செய்யவேண்டும்.