வருக்கையும் கூழனும்: பழம் குழைவது எப்படி?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு சக்கை மரங்கள், அதாவது பலா மரங்கள், நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே செம்மண், ஒரே மழை, ஒரே சாம்பலும் சாணமும். ஒன்று வருக்கை, அதன் சுளையைக் கடித்தால் நறுக்கென்று முறிகிறது. மற்றது கூழன், வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. கூழன் மரத்தை நட்டவர் அவருடைய மாமியார். கைராசி இல்லாதவர் நட்டதால்தான் மரம் இப்படிப் போய்விட்டது என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்களாம். உண்மையான காரணம் என்ன என்று கேட்கிறார்.

காரணத்தைத் தேட மண்ணைக் கிளற வேண்டாம். சுளையின் ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தைப் பார்த்தால் போதும்.

பள்ளியில் படித்த அடிப்படை நினைவிருக்கும். தாவரச் செல்லைச் சுற்றிச் செல்லுலோஸ் சுவர் உண்டு. உள்ளே பெரிய நுண்குமிழ். அதில் சர்க்கரையும் அமிலமும் கரைந்த நீர். அந்த நீர் சுவரை உள்ளிருந்து தள்ளுவதால் செல் விறைத்து நிற்கிறது. பறித்த கீரை வாடுவது இந்த விறைப்பு தளர்வதால்தான். பழத்திலும் விறைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு பழம் மொறுமொறுப்பாக இருக்குமா, குழையுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் படலம். கட்டடத்தில் செங்கல்லுக்கு நடுவே பூசிய சாந்து போல, அது செல்களை இணைக்கிறது. அதை இடையடுக்கு என்கிறோம். அதில் நிறைந்திருப்பது பெக்டின்.

பழத்தைக் கடிக்கும்போது பல் பதிந்த இடத்தில் ஒரு விரிசல் தொடங்குகிறது. அது எந்த வழியாக ஓடுகிறது? இரண்டு வழிகள் உண்டு. இடையடுக்கு உறுதியாக இருந்தால், செல்களைப் பிரிப்பதைவிட அவற்றைக் கிழிப்பது எளிது. விரிசல் செல்களின் ஊடாகவே பாய்கிறது; ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே நொடியில் வெடிக்கின்றன; சாறு தெறிக்கிறது; காதில் ஓசை கேட்கிறது. வருக்கைச் சுளையில் நடப்பது இதுதான். இடையடுக்கு கரைந்திருந்தாலோ, விரிசல் செல்களைக் கிழிக்காமல் அவற்றின் இடுக்குகளில் நழுவி ஓடுகிறது. செல்கள் முழுதாகவே பிரிந்து உருளுகின்றன. நாகர்கோவில் கடையில் வாங்கும் ஆப்பிள் சில சமயம் மாவு போல இருக்கும், சாறே இல்லாதது போலத் தோன்றும். அதற்குள் சாறு நிறையவே இருக்கிறது. செல்கள் உடையாமல் தனித்தனியாகப் பிரிந்துவிடுவதால் சாறு உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது; நாக்குக்கு எட்டுவதில்லை.

கூழனில் செல்கள் பிரிவது மட்டுமல்ல, செல்சுவரில் இருக்கும் பெக்டினும் நீரை ஏற்று உப்பிக் கரைகிறது. அதனால்தான் அந்த வழுவழுப்பு. அதோடு கூழனைத் தின்னும்போது நாக்கில் நார் தட்டுப்படுகிறதே, அதைக் கவனித்திருப்பீர்கள். நீரும் உணவும் கடத்தும் குழாய்க் கற்றைகள் அவை. அவற்றின் சுவர்களில் லிக்னின் என்ற மரத்தன்மையுள்ள பொருள் படிந்திருப்பதால் பெக்டினைக் கரைக்கும் நொதிகளால் அவற்றை அசைக்க முடியாது. வருக்கையிலும் இந்தக் கற்றைகள் உண்டு. அங்கே சுற்றியுள்ள சதை உறுதியாக நிற்பதால் நார் தனித்துத் தெரிவதில்லை. கூழனில் சுற்றியிருப்பது கரைந்துபோய் நார் மட்டும் மிஞ்சுகிறது.

இனி பெக்டினிடம் வருவோம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையாத இடம் இது. பெக்டின் ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகள் காலக்டூரோனிக் அமிலம். இளங்காயில் பல கண்ணிகளின் மேல் மெத்தில் தொகுதி மூடியிருக்கும். பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி வந்து அந்த மூடிகளைக் கழற்றுகிறது. கழற்றிய இடத்தில் எதிர் மின்னூட்டம் வெளிப்படுகிறது. அருகில் உள்ள கால்சியம் அயனிக்கு இரட்டை நேர் மின்னூட்டம். அது ஒரு பக்கம் ஒரு சங்கிலியையும் மறுபக்கம் இன்னொரு சங்கிலியையும் பற்றிக்கொள்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான பிணைப்புகள் விழுந்தால் சங்கிலிகள் இறுகுகின்றன. வெண்பூசணிப் பேட்டா என்ற இனிப்பைச் செய்பவர்கள் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது இதற்காகத்தான். சுண்ணாம்பின் கால்சியம் பூசணியின் பெக்டினைக் கட்டிப்போடுவதால், பாகில் கொதித்தாலும் துண்டு குழைவதில்லை.

ஆனால் மூடி கழன்ற அதே சங்கிலியைத்தான் அறுக்கும் நொதிகளும் தேடி வருகின்றன: பாலிகாலக்டூரோனேஸ், பெக்டேட் லையேஸ். மூடியிருந்த கண்ணியை அவற்றால் எளிதில் வெட்ட முடியாது. திறந்த கண்ணியை வெட்டிவிடும். ஆக, ஒரே நொதி செய்யும் ஒரே வேலை பழத்தை இறுக்கவும் வழி செய்கிறது, குழைக்கவும் வழி செய்கிறது. அடுத்து வந்து சேர்வது கால்சியமா, வெட்டும் நொதியா என்பதில் இருக்கிறது சுளையின் தலையெழுத்து. கூழனில் இந்த வெட்டு கடைசிவரை போய்விடுகிறது. வருக்கையில் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

வெட்டும் நொதிகளில் யார் முதன்மை என்பதைக் கண்டறிய அறிவியலாளர்கள் நெடுநாள் உழைத்தார்கள். பாலிகாலக்டூரோனேஸ்தான் என்று நம்பி, அதை அடக்கிய மரபணு மாற்றுத் தக்காளியை 1994-இல் அமெரிக்காவில் கால்ஜீன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃப்ளேவர் சேவர் என்பது அதன் பெயர். அந்தத் தக்காளி எதிர்பார்த்த அளவுக்கு உறுதியாக நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்தது. பிறகு 2016-இல் பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு பெக்டேட் லையேஸை அடக்கிப் பார்த்தது. தக்காளி உறுதியாக நின்றது. சிவப்பும் சுவையும் மாறவில்லை. இங்கே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: நிறம், இனிப்பு, மணம், மென்மை எல்லாம் ஒன்றாக வருவதால் பழுப்பது ஒரே வேலை என்று நினைக்கிறோம். அவை தனித்தனி வேலைகள். ஒன்றை நிறுத்தினாலும் மற்றவை நடக்கும்.

எல்லா வேலைக்கும் தொடக்கக் குரல் கொடுப்பது எத்திலீன் என்ற எளிய வாயு. வாழை, பலா, மா போன்றவை அதைத் தாமே உண்டாக்குகின்றன. சிறிது உண்டானதும் அது மேலும் எத்திலீனை உண்டாக்கத் தூண்டுகிறது. குலைகளை மூடிவைத்துப் புகையிட்டுப் பழுக்கவைத்த நம் முன்னோர் புகையில் இருந்த எத்திலீனைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் குரலுக்கு ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு விதமாகச் செவிசாய்க்கிறது. சாதாரண வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் மாவுச்சத்து, பழுத்ததும் ஓரிரு சதவீதமாகக் குறைந்து சர்க்கரையாகிறது. ஏத்தன் (நேந்திரன்) பழத்திலோ தோல் நன்றாக மஞ்சளான பிறகும் மாவுச்சத்து கணிசமாக மிஞ்சுகிறது. அவித்தாலும் அது கட்டுக்கோப்பாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோலும் இதில் சேர்ந்தது. சதையில் சர்க்கரை தோலைவிட வேகமாகப் பெருகுவதால், தோலில் உள்ள நீர் சவ்வூடு பரவலால் சதைக்குள் இறங்குகிறது. தோல் மெலிகிறது, எளிதாக உரிகிறது. ரோபஸ்டா வாழையில் இன்னொரு வேடிக்கை உண்டு. 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுத்தால் அதன் தோலில் பச்சையம் முழுமையாகச் சிதையாது. உள்ளே இனித்துக் குழைந்திருக்கும்போதும் வெளியே பச்சையாகவே இருக்கும். குளிர் அறையில் பழுத்தால் அதே ரகம் பளிச்சென்று மஞ்சளாகிறது. குமரி மாவட்டத்து வெப்பத்தில் சாதாரண அறையில் வைத்தால் பச்சைதான்.

இதை அறியாமல்தான் ஊசி போட்ட பழம், மருந்து அடித்த பழம் என்று கைப்பேசிகளில் வதந்தி சுற்றுகிறது. பயப்பட வேண்டியது கார்பைடு கல்லுக்கு. அதிலிருந்து வரும் அசெட்டிலீன் எத்திலீனைப் போல நடித்துப் பழுக்கவைக்கிறது. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு, பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அனுமதி உண்டு. பழம் தானே உண்டாக்கும் அதே மூலக்கூறு அது. இரண்டையும் ஒரே நஞ்சாகப் பேசினால், கார்பைடு வைப்பவர்தான் தப்பித்துக்கொள்வார்.

இப்போது தக்கலை மரத்துக்கு வருகிறேன். பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் தனித்தனி. அயல் மகரந்தச் சேர்க்கையே வழக்கம். நல்ல வருக்கையின் கொட்டையை நட்டாலும், அந்தக் கொட்டைக்குள் பாதி எங்கோ நின்ற இன்னொரு மரத்தின் மகரந்தம். அது கூழன் வழி வந்ததா, வருக்கை வழி வந்ததா என்று நட்டவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அந்த அம்மாவின் கையில் எந்தக் குறையும் கிடையாது. இத்தனை ஆண்டுகளாக ஒரு பெண்ணை அப்படிச் சொல்லி வந்தது அநியாயம். இதை அவருடைய உறவுக்காரர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உறுதியாக வருக்கையே வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்க வேண்டும். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் முளகுமூடு வட்டாரப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் தக்காளியில் பெக்டினை மரபணு வரை பின்தொடர்ந்த அளவுக்கு யாரும் பலாவைப் பின்தொடரவில்லை. கொட்டையிலிருந்து வளரும் பலா காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நாற்றாக இருக்கும்போதே ஓர் இலையைச் சோதித்து இது கூழன், இது வருக்கை என்று சொல்ல முடிந்தால் எத்தனை விவசாயிகளின் காத்திருப்பு மிச்சமாகும்! கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோரையும் போல எனக்கும் மகிழ்ச்சி. அதே உற்சாகத்தோடு நம் மலையடிவாரப் பழங்களின் செல்சுவரை ஆராயவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்கிறேன். சிறிய ஆய்வகம், சில இளம் ஆய்வாளர்கள், தொடர்ந்து பத்து ஆண்டு நிதி. இது பெரிய செலவே அல்ல.

கூழன் மரத்தை வெட்டிவிடலாமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். வேண்டாம். பலாச் சுளையைக் கிளறிச் செய்யும் சக்கை வரட்டிக்குக் கூழனே உகந்தது. செல்கள் ஏற்கெனவே பிரிந்து கிடப்பதால் வேகவைத்து மசிக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். நாரை மட்டும் சல்லடையில் வடித்துவிட்டு வெல்லமும் நெய்யும் சேர்த்து உருளியில் கிளறினால் போதும். வருக்கையில் அதே வரட்டி செய்ய, பழம் செய்யாமல் விட்ட வேலையை அடுப்பு செய்ய வேண்டியிருக்கும்.