டிப்ரஷரைசேஷன்: அழுத்தக் குறைவா, அழுத்த இழப்பா?

நடுவானில் விமானம் வேகமாகக் கீழிறங்கியது, ஆக்சிஜன் மாஸ்க்குகள் தொங்கின என்று செய்தி வந்தால், கூடவே "காற்றழுத்தம் குறைந்ததால்" என்ற வரியும் பெரும்பாலும் வந்துவிடும். விமானிகள் இதை டிப்ரஷரைசேஷன் என்பார்கள், டிகம்ப்ரஷன் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் வேர் 'அழுத்து' என்று பொருள்படும் பிரெமெரே என்ற லத்தீன் வினை.

இவற்றில் டிகம்ப்ரஷன் மூத்தது. பாலத் தூண்களுக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் வேலை செய்தவர்களையும் மூழ்காளர்களையும் ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த சொல் அது. மேலே வரும்போது அவர்கள் வேண்டுமென்றே, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மற்றது அழுத்தமூட்டிய விமானங்களோடு வந்தது. அந்த வகைப் பயணியர் விமானங்களில் முதலாவதான போயிங் 307, 1940-இல் சேவைக்கு வந்தது.

தமிழில் அழுந்து தன்வினை, அழுத்து பிறவினை, அதன் பெயர் அழுத்தம். இதுவரை சிக்கல் இல்லை. அடுத்து என்ன சேர்ப்பது என்பதில்தான் தவறுகிறோம்.

35,000 அடியில் பறக்கும்போதும் விமானத்துக்குள் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய அழுத்தமே இருக்கும். 8,000 அடி என்றால் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஆக, 'அழுத்தக் குறைவு' ஒவ்வொரு பயணத்திலும் நடப்பது. அதை ஆபத்தின் பெயராக வைப்பது பொருந்தாது. 'அழுத்தக் குறைப்பு' தெரிந்தே செய்வது, அது மூழ்காளர்களுக்குச் சரி. பிடித்துவைத்த அழுத்தம் கைவிட்டுப் போவதே விமானத்தில் ஆபத்து. எனவே 'கேபின் அழுத்த இழப்பு' என்பதே என் தேர்வு. 'பயணியர் அறை' என்று எழுதினால் விமானி அறை விடுபட்டுவிடும். அங்கிருப்பவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

இந்தச் சொல்லும் எல்லாவற்றுக்கும் போதாது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தில், அழுத்தக் கட்டுப்பாட்டுக் குமிழ், தானாக இயங்கும் நிலைக்கு மாற்றப்படாமல் 'மேனுவல்' (கையால் இயக்கும்) நிலையிலேயே இருந்துவிட்டது. மேலே ஏற ஏற எச்சரிக்கை ஒலித்தது. டேக்-ஆஃபுக்கு ஏற்றபடி விமானம் சரியாக அமைக்கப்படாவிட்டாலும் அதே ஒலிதான் என்பதால் விமானிகள் அதையே நினைத்துக்கொண்டார்கள். பிராணவாயு குறைந்து நினைவிழந்தார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 121 பேரும் இறந்தனர். 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஒரு விமானத்தில் எஞ்சின் காற்றை உள்ளே அனுப்பும் சுவிட்சுகள் போடப்படாததால், பயணிகள் பலருக்குக் காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. இரண்டிலும் எதுவும் உடையவில்லை, அழுத்தம் ஏறவே இல்லை. 'அழுத்தமேறாமை' என்று இதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

பெயர் எதுவானாலும் விமானிகளின் முதல் வேலை தங்கள் மாஸ்க்கை மாட்டுவது. 35,000 அடியில் தெளிவாகச் செயல்பட 30 முதல் 60 நொடிதான் கிடைக்கும். பிறகு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு 10,000 அடியை நோக்கி இறங்குவார்கள். கீழே மலை இருந்தால் அதற்கு மேலேயே நிற்க வேண்டும். எந்த வேகத்தில் இறங்குவது என்பதில்தான் வாதம் சூடுபிடிக்கும். அனுமதித்த உச்ச வேகத்தில் இறங்கினால் பயணிகளுக்குக் காற்று சீக்கிரம் கிடைக்கும். ஆனால் விமானத்தின் உடற்பகுதி கிழிந்திருந்தால் அந்த வேகமே கிழிசலைப் பெரிதாக்கலாம். அதனால் சேதம் இருக்குமென்று சந்தேகம் வந்தால் வேகத்தைக் கூட்டாதே என்பது நடைமுறை. அழுத்தம் சட்டென இறங்குவதால் எழும் மூடுபனி நிறைந்த கேபினும் காதைப் பிளக்கும் இரைச்சலும் சூழ்ந்திருக்க, சேதம் உண்டா இல்லையா என்று சில நொடியில் எப்படித் தெரியும் என்பது எதிர்வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இந்த இறக்கத்தை 'அவசரத் தரையிறக்கம்' என்று எழுதுவது தவறு. சக்கரம் தரையைத் தொடுவது பிறகு, சில சமயம் வெகுநேரம் கழித்து. 10,000 அடிக்கு வருவது 'அவசர இறக்கம்' மட்டுமே.