பெட்டியில் 2600+, திரையில் 2000+

2003-ல் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர், தன் கணினியின் வேகத்தைக் கூட்டித் தரச் சொன்னார். ஏஎம்டி கம்பெனியின் அத்லான் எக்ஸ்பி 2600+ பிராசசரை வாங்கி மாட்டினேன். ஆன் செய்ததும் திரையில் வந்த பெயர் அத்லான் எக்ஸ்பி 2000+. "என்ன சார், 2600-க்குத்தானே காசு கொடுத்தேன்?" என்றார். போலிச் சரக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை, கோட்டை விட்டது நான்தான்.

2600+ என்பது மெகாஹெர்ட்ஸ் (கடிகார வேகம்) கணக்கு இல்லை. போட்டியாளரான இன்டெலின் பென்டியம் 4 மெகாஹெர்ட்ஸில் ஏறிக்கொண்டே போனபோது, 2001 அக்டோபரில் அத்லான் எக்ஸ்பியோடு ஏஎம்டி கொண்டுவந்த செயல்திறன் எண் அது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துப் போடுவது. மொத்தத்தில் ஒத்துவந்தால் சரி, உள்ளே இருக்கும் கோர், அதாவது சிப்பின் வடிவமைப்பு, வேறாக இருக்கலாம்.

என் கைக்கு வந்த 2600+ மட்டுமே மூன்று வகை. தரோபிரெட் கோரில் இரண்டு: 2133 மெகாஹெர்ட்ஸ், பஸ் (மதர்போர்டோடு பேசும் பாதையின் வேகம்) 266, இன்னொன்று 2083 மெகாஹெர்ட்ஸ், பஸ் 333. இரண்டிலும் எல்2 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) 256 கேபி. மூன்றாவது பார்ட்டன் கோர்: 1917 மெகாஹெர்ட்ஸ்தான், பஸ் 333, ஆனால் கேஷ் 512 கேபி.

அவருடைய மதர்போர்டு 266 பஸ்ஸுக்கு மேல் போகாது. நான் வாங்கியதோ 333. பஸ் 333 என்றால் உண்மையான கடிகாரம் 166.67 (ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகும்), அதை இந்தப் பிராசசரின் பெருக்கல் எண்ணான 12.5-ஆல் பெருக்கினால் 2083. பழைய போர்டு 133.33-தான் கொடுக்கும்; 12.5 மடங்கு போட்டால் 1667. அது 2000+ பிராசசரின் வேகம். கணினி ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் கணக்குப் போட்டுச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! பார்ட்டனை மாட்டியிருந்தால் 1533-க்கு இறங்கி 1800+ ஆகியிருக்கும்.

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே 266 பஸ் வகையை மாற்றிக் கொடுத்தார். வீடியோவை என்கோட் செய்யும் வேலைக்கு மெகாஹெர்ட்ஸ்தான் சோறு போடும் என்பதால், அவருக்கு 2133 பொருத்தமாகவே அமைந்தது. 333 பஸ் போர்டு வைத்துக் கேம் ஆடுபவராக இருந்தால் நான் பார்ட்டனைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம்தான் பிராசசர் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கப் பழகினேன். ஏஎக்ஸ்டிஏ2600டிகேவி3டி என்று இருக்கும். கடைசி எழுத்து பஸ்: சி என்றால் 266, டி என்றால் 333, இ என்றால் 400. அதற்கு முந்தைய எண் கேஷ்: 3 என்றால் 256 கேபி, 4 என்றால் 512. விலைப் பட்டியலில் இதில் எதுவும் இருக்காது, வெறும் 2600+ தான்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 5 1600 பிராசசர் முதலில் 2017-ல் 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் வந்தது. பிறகு அதே பெயரில் 12 நானோமீட்டர் ஜென்+ கோரோடும் வந்தது. ரேம் வேகத்தில் புதியது ஒரு படி மேல். பழைய பிராசசர் விற்பவர்கள் இரண்டையும் '1600' என்றே போடுகிறார்கள். பணம் அனுப்பும் முன், பிராசசர் மூடியின் மேல் இருக்கும் எழுத்து தெரிகிறமாதிரி ஒரு படம் கேளுங்கள். குறியீடு ஏஎஃப் என்று முடிந்தால் புதியது, ஏஇ என்றால் பழையது.