பீர் செய்முறையில் கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

சொந்தமாக பீர் செய்முறை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தொடங்கி ஹாப்ஸில் (பீருக்குக் கசப்பு தரும் பூ) முடித்துவிடுகிறார்கள். சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட்டின் பெயர் கடைசி வரியில் ஒப்புக்கு இடம்பெறும். பீர் தயாரிப்பைத் தொழிலாகக் கொண்ட நான் அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறேன். நொதித்து முடிந்த பீரில் எவ்வளவு இனிப்பு மிஞ்சும் என்று தெரியாமல் கசப்பை அளந்து போட முடியாது.

பரவலாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. நொதிக்கும் முன் மால்ட் சாற்றின் அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.050 என்றால் கடைசியில் உள்ள 50-ஐ எடுத்துக்கொள்வார்கள். கசப்பு 25 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) என்றால் அதை 50-ஆல் வகுக்க 0.5 வரும். இது நடுத்தரம். 0.3 என்றால் மால்ட் முந்தும், 0.8-ஐத் தாண்டினால் கசப்பு தூக்கலாக நிற்கும். நல்ல கணக்குதான். ஆனால் ஈஸ்ட்டை அது கண்டுகொள்வதே இல்லை. அதே சாற்றில் ஒரு வகை ஈஸ்ட் சர்க்கரையை உண்டு அடர்த்தியை 1.008 வரை இறக்கும்; இன்னொன்று 1.016-இல் நின்றுவிடும். முதலாவதில் ஆல்கஹால் சுமார் 5.5 சதவீதம், நாக்கு வறண்டு கசப்பு கூர்மையாகத் தெரியும். இரண்டாவதில் சுமார் 4.5 சதவீதம், அதே 25 ஐபியு மங்கிவிடும். காகிதத்தில் இரண்டுக்கும் விகிதம் 0.5 மட்டுமே.

நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் வெப்பநிலையும் இதே வேலையைச் செய்கிறது. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரை அதிகம் கிடைக்கும். 68-ஐத் தாண்டினால் ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சி, பீர் வாயில் கனமாக இருக்கும்.

ஹாப்ஸை கிராமில் மட்டும் குறித்துவைப்பதை எப்படியாவது நிறுத்த வேண்டும். ஹாப்ஸில் கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலத்தின் அளவு ஒவ்வொரு அறுவடையிலும் மாறும், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 20 லிட்டருக்கு 30 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். அமிலத்தில் கால் பங்கு கசப்பாக மாறினால், 5 சதவீத ஹாப்ஸில் சுமார் 19 ஐபியு வரும். 7 சதவீதத்தில் 26. பழைய குறிப்பை அப்படியே பின்பற்றியும் சுவை மாறிவிட்டது என்று வருந்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக: சல்ஃபேட் கூடினால் கசப்பு வறட்சியாக எடுபடும், குளோரைடு கூடினால் மால்ட் உருண்டு திரண்டு தெரியும். முதல் இரண்டு முயற்சிகளில் இதைத் தொடவே வேண்டாம்.

“இனிப்பாக இருக்கிறது, இன்னும் ஹாப்ஸ் சேர்க்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டு பலர் பாட்டிலோடு வருவார்கள். நான் சுவைப்பதற்கு முன், மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுப்பேன். பீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி நுரை அடங்கவிட வேண்டும். வாயுக் குமிழிகள் ஒட்டினால் கருவி மேலே மிதந்து பொய் காட்டும். வெப்பநிலை 20 டிகிரியாக இருக்கட்டும் (பல கருவிகள் அதற்கே அளவிடப்பட்டவை). 1.012-இல் முடிய வேண்டிய பீர் 1.020 காட்டினால் அது செய்முறையின் குறை அல்ல, பாதியில் நின்றுபோன நொதித்தலாக இருக்கக்கூடும். அங்கே ஹாப்ஸைக் கூட்டினால் கோளாறு மறையும், ஆபத்து மறையாது.

ஆபத்து என்பதை அழுத்தியே சொல்கிறேன். அடைத்த பாட்டிலுக்குள் அடர்த்தி நான்கு புள்ளி (0.004) இறங்கினால் பீரின் கனஅளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கார்பன் டையாக்சைடு கூடும். வழக்கமான பீருக்கு மொத்தமே இரண்டரை மடங்குதான் தேவை. இதற்கு மேல் நுரைக்காகச் சேர்த்த சர்க்கரையும் இருந்தால் கண்ணாடி வெடித்துச் சிதறலாம். கண்ணையும் கையையும் பதம்பார்த்துவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாகவும் எதிர்பார்த்த எண்ணுக்கு அருகிலும் இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடையுங்கள். 20 டிகிரியில் நொதித்த பீருக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். அதைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்து, கொதிநீரில் கரைத்து, முழுப் பீரிலும் சீராகக் கலந்த பிறகு பாட்டில்களை நிரப்புங்கள்.