இன்பிரீடிங்: உட்கலப்பா, உறவுச் சேர்க்கையா?

தகப்பன்–மகள், அண்ணன்–தங்கை என நெருங்கிய இரத்த உறவுள்ள விலங்குகளை இணைசேர்ப்பதே இன்பிரீடிங். 'பிரீட்' என்ற ஆங்கில வினைக்குக் குட்டியைக் கதகதப்பாக வைத்து வளர்ப்பது என்ற பழம்பொருளும் உண்டு. அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைக் குறிக்கும் 'புரூட்' அதன் இனச்சொல். முன்னே 'இன்' சேரும்போது, உறவுக்குள்ளேயே பெருக்குவது என்றாகிறது.

பாடநூல்கள் இதை உட்கலப்பு என்கின்றன. கலப்பு என்றால் வேறானவை சேர வேண்டும். இங்கே எதுவும் கலப்பதில்லை. இருந்ததே திரும்ப வந்து சேர்கிறது.

ஒரு கிடா அதன் மகளோடு சேர்ந்தால், பிறக்கும் குட்டியின் உறவுச் சேர்க்கைக் கெழு 25%. எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும், அதன் இரு பிரதிகளும் அந்தக் கிடாவின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு என்று பொருள். அந்தக் குட்டியையும் அதே கிடாவுக்கு விட்டால் 37.5%. மறைந்து கிடந்த ஒடுங்கு மரபணுக்கள் இரட்டையாகி வெளிப்படும்: சினை நிற்காது, குட்டி எடை குறையும், மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாது.

மந்தை பெரிதாக இருந்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. மரபியல் அளவு என்பது, உறவுச் சேர்க்கை கூடும் வேகத்தை வைத்துப் பார்த்தால் மந்தை எத்தனை விலங்குகளுக்குச் சமம் என்ற கணக்கு. 1 ஆண், 100 பெண் உள்ள மந்தைக்கு அது ஏறத்தாழ 4 விலங்குகள்தான். பெண்களை 1000 ஆக்கினாலும் 4ஐத் தாண்டாது; அதே 100 பெண்களுக்கு ஆண்களை 5 ஆக்கினால் 19 ஆகும். செயற்கைக் கருவூட்டல் இதே சிக்கலை உலக அளவுக்குக் கொண்டுபோனது. 1962இல் பிறந்த அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டைன் கறவை இனக் காளைக்குச் சுமார் 16,000 மகள்கள். அது சுமந்த ஒரு மரபணுப் பிழையால் உலகெங்கும் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்ததாக மதிப்பீடு.

ஆட்டு மந்தையில் கிடாக்குட்டிகளை 3 மாதத்திலேயே பிரித்துவிட வேண்டும். 4, 5 மாதத்தில் அவை தாயையும் தங்கையையும் சினையாக்கிவிடும். மகள்கள் பருவத்துக்கு வருமுன் பொலிகிடாவை மாற்ற வேண்டும். மாற்றி வாங்கும் கிடா பழையதன் தம்பியாக இருந்தால் பயன் குறைவு; அதனால் காதுவில்லை எண்ணோடு தாய், தகப்பன் எண்களையும் பதிவேட்டில் எழுதுவது அவசியம்.

ஆகவே உறவுச் சேர்க்கை என்பதே பொருத்தம். அதனால் வரும் சரிவை உறவுச் சேர்க்கை நலிவு எனலாம். உறவில்லாத விலங்குகளைச் சேர்ப்பதற்கு வெளிக்கலப்பு என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே கலக்கிறது.