பழைய போர்ப் படங்களைச் செயலியில் போட்டுத் ‘தெளிவாக்க’ வேண்டாம்

நாளிதழ் ஒன்றின் படப்பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் 6 நெருங்கினால் ஹிரோஷிமா படம் தேடுவது வழக்கம். சென்ற முறை உடன் பணிபுரியும் தம்பி ஒன்றை அனுப்பி, “அண்ணே, நெட்டுல நல்லா தெளிவா கிடைச்சிருக்கு” என்றார். குண்டு விழுந்த அன்றே மியுகி பாலத்தில் எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்ததும் திக்கென்றது. முதுகு காட்டி நிற்கும் பள்ளிச் சிறுமியின் கருகிச் சிலிர்த்த முடி, படிய வாரிவிட்டதுபோல் இருந்தது. யாரோ செயலியில் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

அதை எடுத்தவர் யோஷிதோ மட்சுஷிகே. சுகோகு ஷிம்புன் நாளிதழின் புகைப்படக்காரர், அப்போது 32 வயது. கையிலிருந்த 2 சுருள்களில் 24 படம் எடுக்கலாம். வெந்த உடம்போடு பிள்ளைகள் கிடந்த அந்தப் பாலத்தில் சுமார் 20 நிமிடம் அவருக்குக் கை வரவில்லை. ஒரு படம் எடுத்தார். இன்னும் கொஞ்சம் நெருங்கி அடுத்ததை எடுக்கும்போது கண்ணீரில் எதிரே எல்லாம் கலங்கித் தெரிந்ததாம். அன்று முழுக்க அவர் அமுக்கியது 7 முறை, தேறியது 5. கடைசிப் படத்தில், தலையில் கட்டுப் போட்ட போலீஸ்காரர் தெருவில் உட்கார்ந்து பாதிக்கப்பட்டோருக்குச் சான்று எழுதிக் கொடுக்கிறார். இருட்டறை கிடைக்காமல், இரவில் திறந்தவெளியில், ஓடை நீரில் அலசித்தான் ஃபிலிமைக் கழுவினார்.

செயலிக்கு அந்தச் சிறுமியைத் தெரியாது. மங்கலான இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று, தான் பழகிய ஏராளமான படங்களை வைத்து ஊகித்து நிரப்பும். அந்தப் படங்களில் முடி கருகியிருக்காது, தோல் உரிந்திருக்காது. குண்டு மனித உடம்பை என்ன செய்தது என்பதற்கு, அன்றே நகருக்குள் நின்று எடுத்த சாட்சியத்தை இப்படி அழித்துவிடுகிறோம். வண்ணம் பூசுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புண்ணின் நிறம் யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளின் பள்ளி ஆல்பத்துக்கோ வாட்ஸ்அப்புக்கோ எடுக்கிறீர்களா? முதலில் கூகுளில் படத்தை வைத்தே தேடி, கிடைப்பதில் மிகப் பழைய பிரதியைப் பாருங்கள். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் போன்ற இடத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, எடுத்தவர் பெயரும் இடமும் நேரமும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நாகசாகி படத்தை ஹிரோஷிமா என்று போட்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த முறை பழைய பிரதியைத் தேடி வாங்கி, கறையும் கீறலுமாக அப்படியே அச்சிட்டோம். படக்குறிப்பைத் தம்பியே எழுதினார்: “மியுகி பாலம், 6.8.1945, காலை 11 மணிக்குப் பின். படம்: யோஷிதோ மட்சுஷிகே.”